அமீனா வீட்டுக் கொல்லை

சீர்காழி முன்சீப் கோர்ட்டில் நான் அமீனா.
பழமொழியில் பாதி.
மீதிப் பாதியையும் வாங்கிவிடலாம் என்று
அரியர் பணம் வந்த அன்று தோன்றியது.

தையல்நாயகி சிரிக்கவில்லை.
"ஒண்ணு ஏற்கெனவே வீட்டுக்குள்ள இருக்கு.
இன்னொண்ணு வந்து என்னத்தக் கெடுக்கப் போவுது?
எடம் ஒத்துக்குமான்னு பாருங்க" என்றாள்.

டேப் பிடித்தேன்,
ஜப்தி நிலத்துக்குப் பிடிப்பது போல.
வடக்கே போர் பம்பு, தெற்கே கலியபெருமாள் வீட்டுச் சுவர்,
கிழமேல் பதினெட்டடி, தென்வடல் பதினொன்று.
இதற்குட்பட்டு
முருங்கை ஒன்று, துவைகல் ஒன்று,
சித்திரையில் விரல் நுழைகிற வெடிப்பு,
ஐப்பசியில் கணுக்கால் தண்ணீர்.

மீன்தொட்டிக் கடை ஜபருல்லா
போனில் படம் படமாகத் தள்ளினான்.
முதலில் ஆப்பிரிக்காக்காரன்.
மணல் நிறம், முன்காலில் முள்.
இன்றைக்கு உள்ளங்கை அளவு,
இருபது வருஷம் போனால் ஒரு மூட்டை நெல்.
வெயிலுக்கு அஞ்சான், புல் போதும்.
ஆனால் குழி பறித்துக் குடியிருக்கிற ஜாதி.
எங்கள் களிமண்ணில் மூன்றடி பறித்தால்
கார்த்திகையில் ஊற்று.
தன் வீட்டுக்குள்ளேயே முழுகிப்போகிற ஒருவனை
ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நட்சத்திர ஆமை கேட்டதும்
"கோர்ட்டு ஆளு நீங்களே கேக்கலாமா சார்"
என்று குரலைத் தாழ்த்தினான்.
கால்நடை டாக்டரம்மா வேறு சொன்னார்:
அது முள்காட்டுப் பிறவி,
இந்த ஈரக்காற்றில் மூக்கில் சளி கட்டும்.
சட்டம் தடுத்தது சரிதான்.
சளி தடுத்ததுதான் எனக்குப் புரிந்தது.

கடைசியில் சிவப்புக்கால்.
எங்கேயோ மழைக்காட்டில் பிறந்தது.
ஈரம் கேட்கும், நிழல் கேட்கும்,
பழுத்த பப்பாளி கேட்கும்.
எல்லாம் எங்களிடம் உண்டே என்றேன்.
"ஈரம் வேற, வெள்ளம் வேற.
மேடு கட்டுங்க மொதல்ல" என்றார் டாக்டரம்மா.
விலையைக் கேட்டு ஒருநாள் பேசாமல் இருந்தேன்.
பதிவுக் காகிதங்களை எண்ணி இன்னொரு நாள்.

மேடு மட்டும் கட்டினேன்.
மூன்று வண்டி செம்மண், கொஞ்சம் ஆற்றுமணல்,
முட்டளவு உயரம், மேலே கீற்று.
கலியபெருமாள் சுவருக்கு மேல் தலை நீட்டி
யாருக்குச் சமாதி என்று கேட்டார்.

நான் போகிற வீடுகளில்
உட்காரச் சொல்லமாட்டார்கள்.
எழுதிக்கொண்டே நிற்பேன்:
கிரைண்டர் ஒன்று, ஓடும் நிலையில்.
தையல் மிஷின் ஒன்று, பெல்ட் இல்லாமல்.
தொட்டில் கம்பியை ஒருமுறை எழுதி
அடித்துவிட்டேன்.

புயல் சின்னம் கரையேறாமல் நின்ற வாரம்
வாய்க்கால் பொங்கிச் சாக்கடை வழியாகத்
தெருவே கொல்லைக்குள் வந்தது.
விடிகாலையில் தையல்நாயகி கூப்பிட்டாள்.
மேட்டின் மேல்,
சிவப்புக்காலுக்குப் போட்ட கீற்றின் அடியில்,
மஞ்சள் புள்ளி வைத்த பச்சைத் தலை.
பாலாமை ஒன்று.
ஓடும் உண்டு, ஓட்டமும் உண்டு.
பன்றி மூக்கைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு
மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது.
நோட்டீஸ் இல்லை. தண்டோரா இல்லை.

இதையும் வளர்க்கக் கூடாது, சட்டப்படி.
நாங்கள் வளர்க்கவில்லை.
அது இருந்தது, அவ்வளவுதான்.
தையல்நாயகி இரண்டு நத்தையைப் பொறுக்கி
பக்கத்தில் வைத்தாள். வைக்கச் சொல்லவில்லை நான்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது
அதுவும் வடிந்திருந்தது.
மேட்டில் ஓரிடம் மட்டும்
பறித்து மூடியதுபோல் மெத்தென்று.
முட்டையாக இருக்கலாம்,
சும்மா புரண்ட தடமாகவும் இருக்கலாம்.
பூட்டிய பீரோ எத்தனை திறந்திருக்கிறேன்.
அதைத் தோண்டவில்லை.

ஜபருல்லா மூன்று தடவை கூப்பிட்டான்.
நாங்கள் இரண்டு பேரும் அப்போது
துவைகல்லைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தோம்,
சோப்புத் தண்ணீர்
அந்தப் பக்கம் போகாதபடி.