குறில் நெடில்

கானமாராவில், கடலைப் பார்த்த காவல் நிலையத்தில்
இகரத்தை நீட்டும் சாய்கோட்டு விசை
போன வாரமே தேநீரில் முழுகிச் செத்துவிட்டது.

மழையைக் கோட்டோடு உள்ளே கொண்டுவந்தார் பார்ட்லி.
"எழுதிக்கொள் சோர்கா. திங்கள் விடிகாலை
கொல்லைக்குள் பீலேர்.
கேள்வி இல்லை, கதவு தட்டல் இல்லை.
கோழி செத்துக் கிடக்கிறது."
அவள் தட்டினாள். கோடு விழவில்லை.
பீலேர், பிலேர் ஆயிற்று.

நெடில் என்றால் போலீஸ்காரன்.
இருநூறு வருஷம் முன்னால் டப்ளின் கோட்டையிலிருந்து
ஊர் ஊராக ஆள் அனுப்பிய பீல் துரை
போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் போகவில்லை,
வேலி முள்ளில் ஆட்டு ரோமம்போல
ஆட்கள்மேல் மாட்டிக்கொண்டது.
குறில் என்றால் தோட்டா.
அதே குறில்தான் தூணும்,
கோயில் கூரையைத் தாங்குவது;
தூண்மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை.
உயர்திணை அஃறிணை காட்ட
அந்த மொழியின் வினைச்சொல்லுக்கு வால் கிடையாது.
வந்தானா, வந்ததா,
கோழியைத்தான் கேட்க வேண்டும்.

புதனன்று கால்வேயிலிருந்து இரண்டு வண்டி,
தலைக்கவசம், துப்பாக்கி.
கொல்லையில் மண்டியிட்டுத் தோட்டா தேடினார்கள்.
அகப்பட்டது ஒரு லாடம், கொஞ்சம் இறகு,
சேற்றில் டயர்த் தடம்.
தடத்தையும் தங்கள் டயரையும்
மாறி மாறிப் பார்த்த ஒருவன்
எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"அப்படியானால் இது?"
பின்கதவில், தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே
விரல் நுழையும் ஓட்டை.
"அது நூறு வருஷத்துப் பழசு" என்றார் பார்ட்லி.
"அன்று இரண்டுமே வந்தது.
எது முதலில் என்று
எங்கள் குடும்பத்தில் இன்னும் சண்டை."
ஓட்டையில் காற்றுக்கு அடைத்திருந்த துணியை
மறுபடி திணித்தார்.

மாலையில் சோர்கா
அச்சடித்த தாளில் பேனாவால் கோடு போட்டாள்.
சிறிய கோடு. ஆயுதப் பிரிவு திரும்பிப் போயிற்று.
தொப்பியில் அவள் பதவி பொறித்திருக்கிறது:
கார்டா ஷீகானா, அமைதியின் காவலர்.
சுதந்திரம் வந்ததும் யோசித்து வைத்த பெயர்.
'காவலர்' கடன் வாங்கியது,
'அமைதி' மட்டும் சொந்தச் சரக்கு.

கையெழுத்துப் போட்டுவிட்டு
வாசலில் நின்று குடை விரித்தார் பார்ட்லி.
"கோழிக்குக் காசு வருமா, பீலேர்?"
சிரித்தாரா தெரியவில்லை.
காற்று கதவை அறைந்தது.
முழுதாக இரண்டு மாத்திரை ஒலித்ததா என்று
அவள் இன்னும் காதில் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.