உண்டு, இல்லை

பெரும்பாக்கம் ஏரிக்கரை. நட்டு ஏழு மாதம்.
நட்ட அன்று நூறு பேர், ஒரே நிறச் சட்டை,
பிரியாணிப் பொட்டலம், படம்.
இன்று நானும் ஜெபக்கனியும்
ஒரு களைக்கொட்டும்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
உண்டு, இல்லை.

நாற்பத்தேழு, நீர்மருது: உண்டு.
நாற்பத்தெட்டு, புங்கன்: ஆடு கடித்தும் உண்டு.
நாற்பத்தொன்பதில்
எண் எழுதிய தகடு மட்டும் உண்டு.

கத்திரி வெயில். டேங்கர் வந்து நாலு நாள்.
ஓட்டுநர் போனை எடுப்பதில்லை,
முகூர்த்த மாதம், மண்டபங்கள் முந்திக்கொண்டன.
போன வாரம் வெட்டிய சீமைக்கருவேலம்
யாரும் ஊற்றாமல் முழங்கால் உயரம்.
அதற்குப் படிவம் இல்லை.

தாங்கக் கட்டிய கயிறே
ஐம்பத்திரண்டின் தண்டுக்குள் இறங்கியிருந்தது.
ஜெபக்கனி பல்லால் அறுத்தாள்.
"புடிச்சது போதும். காத்துல ஆடிப் பழகட்டும்."

அறுபத்தொன்று, இலுப்பை.
இலையில்லாத குச்சி.
'இல்லை'க்குப் பேனாவைக் கொண்டுபோனேன்.
இரு, என்றாள்.
நகத்தால் பட்டையைக் கீறினாள்:
மயிரிழை அகலத்துக்குப்
பச்சை.

குடிக்க வைத்திருந்த பாட்டில்
அதன் அடியில் கவிழ்ந்தது.

இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேல்
ஒரு புள்ளி வைத்தேன்.
மேலாளர் கேட்டால்
ஐப்பசி வரட்டும் என்பேன்.