பின்சுவரை ஒட்டி

கதவில் வைக்காதே என்றாள் போகும்போது.
திறந்து திறந்து மூடும் இடம் அது,
கடுகு விழுதும் ஊறுகாயும் அங்கே இருக்கட்டும்.
பால் உள்ளே,
பின்சுவரை ஒட்டி,
குளிர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மூலையில்.

நிரோஜினிக்கு இரவு வேலை.
பார்மனில் முதியோர் இல்லம்.
வுப்பர் ஆற்றின் மேல் தொங்கியபடி வரும் ரயில்
ஒன்பது இருபதுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போகும்.
பிறகு நானும் அகரனும்
ஒரு வரிசைப் போத்தல்களும்.

ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நாடா.
நாள், நேரம், எத்தனை மில்லி.
அவள் எழுத்து சாயும்,
களைத்த இரவுகளில் அதிகமாய்ச் சாயும்.
செவ்வாய், மூன்று பத்து, எண்பது.
புதன், நாற்பது.
நாற்பதின் பக்கத்தில் சின்னதாய் ஒரு கோடு,
எதையோ எழுதவந்து விட்டதுபோல.
அன்று பத்தாம் அறைப் பெரியவர் இறந்துபோனார்.
அதைச் சொன்னாள்.
நாற்பதைப் பற்றி நான் கேட்கவில்லை.

பழையது முன்னால், புதியது பின்னால்.
மூன்று நாளில் குடித்து முடியாதென்று தெரிந்தால்
அன்றைக்கே உறைபெட்டிக்கு.
உருகியது உருகியதுதான், திரும்ப உறையக் கூடாது.
பகலெல்லாம் உணவகத்தில்
சூப் வாளிகளுக்குத் தேதி ஒட்டுகிறவன் நான்.
இவ்வளவு பயந்து ஒட்டியதில்லை.

நேற்று ஃபிரிஜ்ஜில் இருந்தது தீர்ந்துவிட்டது.
உறைபெட்டியிலிருந்து தட்டையாய் ஒரு பை,
கடிதம்போல்.
மைக்ரோவேவ் இருக்கிறது,
பாவம், அதற்கு இதில் வேலையில்லை.
உள்ளங்கை பொறுக்கும் வெதுவெதுப்பில்
தண்ணீர் பிடித்து மிதக்கவிட்டேன்.
மேலே பிரிந்த கொழுப்பை
மெதுவாய்ச் சுழற்றிக் கலந்தேன்.
மணிக்கட்டில் ஒரு துளி.

சவர்க்காரம் மணத்தது.

அகரன் ஒரு வாய் இழுத்தான், முகம் கோணினான், துப்பினான்.
நான்கு மாதம் அவனுக்கு.
இத்தனை தெளிவாய் யாரும் என்னிடம் மறுத்ததில்லை.

கழுவிய போத்தல்தானே?
அவித்தேன், கவிழ்த்தேன், காயவைத்தேன்.
கைதொட்டியின் முன்னால்
போத்தலைச் சரித்துப் பிடித்தபடி நின்றேன்.
அறுபது மில்லி.
ஊற்ற அரை நிமிடம் போதும்.
அது சேரும்போது பார்த்திருக்கிறேன்:
கதிரையில் அவள், மடியில் துவாய்,
இயந்திரம் மட்டும் விழித்திருக்கும்.

இரண்டரைக்கு எடுத்தேன் தொலைபேசியை.
துணி அறையில் இருந்தாள்,
பின்னால் அதே இயந்திரத்தின் மூச்சு.
"புளிச்சு மணக்குதா, சோப்பு மணக்குதா?"
சோப்பு.
"அப்ப ஊத்திப்போடாதையுங்கோ."
சிலரின் பால் உறைந்தால் அப்படித்தானாம்,
கொழுப்பு தன்னைத்தானே உடைத்துக்கொள்ளுமாம்,
பழுதில்லையாம்,
வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி ஃபிராவ் டீட்ஸ்
முன்பே சொன்னாளாம்.
நீங்கள் அன்று தேநீர் போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றாள்.

ஒரு சொட்டு என் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
முதலில் சோப்பு.
அதன் அடியில், நேரம் கழித்து,
இனிப்பு.

அவனைத் தோளில் போட்டு நடந்தேன்.
யன்னலில் ரயில் ஓடாத நேரத்துத் தண்டவாளம்,
மழை மட்டும் அதில் ஏறி இறங்கியது.
மூன்று மணிக்குப் பசி தீர்ப்புச் சொன்னது.
பாதி குடித்தான்,
கடன்காரனைப் பார்ப்பதுபோல்
என்னையே பார்த்துக்கொண்டு.

வாய் வைத்த மிச்சத்தை எடுத்துவைக்கக் கூடாது.
ஆக, கடைசியில் ஊற்றத்தான் வேண்டியிருந்தது
முப்பதை.
குழாயைத் திறக்கச் சற்று நேரம் பிடித்தது.

மூன்றேகாலுக்கு அவளிடமிருந்து செய்தி.
நூற்றுப்பத்து.
வேறொன்றும் இல்லை.

ஆறு நாற்பதுக்குக் கதவு.
கோட்டைக் கழற்றவில்லை,
கை கழுவினாள், அவனை வாங்கினாள்,
அவன் சிணுங்கிச் சிணுங்கி, பிறகு சத்தமில்லை.
குளிர்ப்பை மேசையில் கிடந்தது.
திறந்து தொட்டுப் பார்த்தேன்:
பனிக்கட்டி இன்னும் இறுகித்தான் இருந்தது.