சட்டியில் பெய்த மழை

காரைக்குடி, கல்லுக்கட்டிக்குப் பின்சந்து.
எவர்சில்வர் கடைக்கு மேலே எங்கள் மாடி.
கீழே குடத்தோடு குடம் மோதும்போதெல்லாம்
மேசை அதிரும். திரை அதிராது.
திரையில், பள்ளத்தூர் உமையாளின் பலகாரக் கூடம்
இன்னும் நாலு பெட்டியும் ஆறு கோடும்தான்.

சட்டி எந்த உலோகம், தெரியாது.
எண்ணெய் எவ்வளவு?
"ஒரு அறுபது லிட்டர்," என்றார்.
கொஞ்சம் பொறுத்து, "தீபாவளிக்கு இருநூறும் ஆகும்."
விறகை விட்டு மின்சாரத்துக்கு மாறினால்
எத்தனை சட்டி, எவ்வளவு கம்பி
வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்.
சனிக்கிழமை கொட்டகைக்கு வானம் தோண்டுகிறார்கள்.

முதலிலிருந்து எழுத நேரமில்லை.
போன வருஷம் கோட்டையூர் ஊருணிக்கு
நீர்க்கணக்குப் போட்ட கட்டம் ஒன்று கைவசம் இருந்தது.
உள்ளே வருவது, வெளியே போவது, நடுவில் நிற்பது.
அவ்வளவுதான்.
வரவு, செலவு, இருப்பு என்று
கடல் தாண்டியும் பேரேடு எழுதிய சீமையில்
இதற்கு விளக்கவுரை எதற்கு?
பெயர்களை மட்டும் அழித்து எழுதினேன்.
தண்ணீர் இருந்த இடத்தில் வெப்பம்.
மட்டம் இருந்த இடத்தில் சூடு.
மதகு இருந்த இடத்தில்
ஈடு ஈடாக எண்ணெயில் விழுந்து
சூட்டைக் குடிக்கும் பச்சை மாவு.
கட்டம் முகம் சுளிக்கவில்லை.
மூன்று நாள் வேலை அரைமணியில் முடிந்த திமிரில்
டீ குடிக்கப் போனேன்.

வந்து பார்த்தால்
கோடு ஒழுங்காக ஏறி, நூற்றெண்பதில் நின்று,
முதல் ஈட்டுக்கு ஒரு பள்ளம், அடுத்ததற்கு ஒன்று,
பிறகு மூன்று பத்துக்கு
நிமிர்ந்து
இருநூறு
முந்நூறு
அறுநூறு.
இரும்பு கன்றும் சூட்டில் உமையாளின் தேன்குழல்.

எதிர் மேசை செசிலி நாற்காலியை நகர்த்தி வந்தாள்.
பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்துகொண்டே போனாள்.
"வரவுல ரெண்டு கம்பி இருக்கு பாரு.
ஒண்ணு அடுப்பு.
இன்னொண்ணு ஐப்பசி மழை."

யாரோ டப்பா வைத்து அளந்து
வாட்ஸப்பில் அனுப்பிய கோட்டையூர் மழை,
பேர் போடாமல் உள்ளேயே ஒட்டியிருந்து
சட்டியில் பெய்திருக்கிறது.
மழை விழுந்தால் எண்ணெய் ஆறாதா?
ஆறாது. வரவில் எழுதியது எல்லாம் வரவு.
கட்டத்துக்கு நனையத் தெரியாது.

சிரித்து ஓய வெகுநேரமானது.
ஓய்ந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது:
அறுநூறுக்குப் போகாமல்
வெறும் ஐந்து டிகிரி ஏறியிருந்தால்?
கண்ணில் பட்டிருக்காது.
கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

அன்றிரவு கட்டத்தைப் பிரித்தேன்.
மழையைக் கழற்றி, பெயரோடு வெளியே வைத்தேன்.
ஓரத்தில் வாசல்கள் மட்டும்; உள்ளே எந்த ஊரும் இல்லை.
நெற்றியில் ஒரு குறிப்பு:
'அடி முதல் மேல் வரை ஒரே சூடு என்று நம்புகிறது.
ஆழமான சட்டிக்குப் பொய் சொல்லும்.
மூடி உண்டா என்று கேட்காது. நீ கேள்.'
அறுபதா இருநூறா என்று முடிவு கட்டாமல்
இடையில் உள்ளதெல்லாம் போட்டு ஓடவிட்டேன்.
விடிவதற்குள் ஆயிரம் தீபாவளி.
சிலவற்றில் கரண்ட் போனது.
ஒன்றில் மாவு மட்டும் மிச்சம்.

வெள்ளிக்கிழமை உமையாளிடம்
"மூணுக்குக் குறையாது, அஞ்சைத் தாண்டாது," என்றேன்,
கடன் தவணை கேட்பவன் குரலில்.
அவர் ஒரு மூச்சுதான் யோசித்தார்.
"நாலு வாங்குவோம். அஞ்சாவதுக்கு இடம் விட்டுருவோம்.
சுவர் எங்க வரணும்னு மட்டும் சரியாச் சொல்லுங்க.
சட்டியை மாத்திக்கலாம்."

செசிலி இப்போது அதே கட்டத்தை நகலெடுத்திருக்கிறாள்,
தொண்டியிலிருந்து வரும் மீன் வண்டியின் ஐஸ் பெட்டிக்கு.
"குறிப்பைப் படிச்சியா?" என்றேன்.
பதில் இல்லை.
பேனா முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு
வரவில் எத்தனை கம்பி என்று
எண்ணிக்கொண்டிருந்தாள்.