பத்து மாதக் கணக்கு

வங்கியில் அமலோற்பவத்திடம்
மூன்று வருடத்து வருமான வரி ரசீது கேட்டார்கள்.
அவள் பையிலிருந்து எடுத்தது
மூன்று வருடத்து நாள்காட்டி.
கட்டத்துக்குக் கட்டம் பேனாவால் ஓர் எண்:
அன்றைக்குக் கட்டையால் உடைத்து விற்ற ஐஸ் பார்.
ஞாயிறு நாற்பது. அமாவாசை ஒன்பது.
மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு
"படம் நல்லா இருக்கு" என்றாராம்.
வேளாங்கண்ணி மாதா படம்.

ஐஸ் உடைக்க ஒரு மெஷின், அதுதான் அவள் கேட்டது.

காசிமேட்டில் கடனுக்கு இருந்த இன்னொரு வழி
பைக்கில் வரும்.
விடியலில் தொள்ளாயிரம் தரும்,
பொழுது சாய ஆயிரமாய்த் திரும்ப வாங்கும்.
அந்த பைக் சத்தம் கேட்டால்
தராசில் கிடக்கும் வஞ்சிரம்கூடத்
தலையைத் திருப்பிக்கொள்ளும்.

எங்கள் சங்கம் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில்.
வியாழக்கிழமை ராத்திரி ஏழு மணி.
பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றுக்குக் காலில் விரிசல்.
இரும்பென்றால் என் பட்டறைக்கு வந்திருக்கும்;
பிளாஸ்டிக்கை எந்த ராடு வைத்துப் பற்றவைப்பது?
அதில் உட்காருவது நான்தான்.

அங்கே இருக்கிற பணம் எவருடையதும் அல்ல,
இட்லிக் கடையின் நூறு,
மீன்பாடி வண்டியின் இருநூறு,
ஜாக்கெட் தைத்த காசு.
அதனால் கேள்விகள் வங்கியைவிடக் கடுமை.
"எத்தினி பேருக்கு ஐஸ் கடனாத் தர்றே?" நூர்ஜஹான்.
"கரண்ட் போனா?" செயலாளர் குப்புராஜ்.
"பல்லு இன்னா இரும்பு?" இது நான்.
சாதா இரும்பென்று கொட்டேஷனில் இருந்தது.
உப்புக் காத்துல எட்டு மாசம் தாங்காது,
எவர்சில்வர் பல்லு கேளு,
இருபத்திரண்டாயிரம் கூட ஆகும் என்றேன்.
கேட்டதற்கு மேல் கடன் எழுதினோம் அன்றைக்கு.

தவணைத் தாளை மதலைமுத்து கேட்டு வாங்கினார்.
விசைப்படகு ஓட்டியவர்.
ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை
சிவப்பு மையில் ஒரே கோடு.
"கடல சாத்திட்டா காசு எங்கேந்து வரும்?"
அவ்வளவுதான் பேசினார்.
வங்கிக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்.
காசிமேட்டுக்குப் பத்து.

ஜாமீன் கையெழுத்து என்னுடையது.
வீட்டில் அன்று தட்டில் சோறு வந்தது,
குழம்பு வரவில்லை.

கார்த்திகையில் புயல் கூண்டு ஏறியது.
பதினொரு நாள் ஒரு படகும் நகரவில்லை.
குப்புராஜ் போன் செய்தது அவளுக்கல்ல, எனக்கு.
போனேன்.
மழைக்கோட்டை மெஷினுக்குப் போர்த்திவிட்டு
அவள் நனைந்துகொண்டிருந்தாள்.
கேட்க வந்ததைக் கேட்காமல்
டீ மட்டும் குடித்துவிட்டு வந்து
மூவாயிரம் கட்டினேன். ரசீது அவள் பேரில்.

இந்த வியாழன் விண்ணப்பம் என்னுடையது.
பழைய வெல்டிங் செட் புகைகிறது, புதுசு வேண்டும்.
எதிரே கமிட்டி நாற்காலியில் அமலோற்பவம்,
போன தேர்தலில் வந்தவள்,
கண்ணாடி போட்டிருக்கிறாள்.
என் வரவு செலவுத் தாளில்
பார் எண்ணுகிற மாதிரி விரல் வைத்து வந்தவள்
பாதியில் நிறுத்தினாள்.
"எத்திராஜு, இதுல ஒண்ணு கொறையுது."
என்ன?
"புயலப்போ கட்டுனியே மூவாயிரம்.
ரெண்டு குடுத்துட்டேன். ஆயிரம் பாக்கி கீது.
வர வேண்டியதுன்னு எழுது.
எழுதாம இன்னா கணக்கு இது?"

நூர்ஜஹான் மின்விசிறியைப் பார்த்தபடி
சிரிப்பை அடக்கினாள்.
பேனா இல்லை, குப்புராஜிடம் வாங்கினேன்.
நாற்காலி ஒரு பக்கம் சாய
ஆயிரம் என்று எழுதினேன்,
கோணலாக.