பச்சை மெழுகு

பிரபு மாலிஸ் இறந்தது செவ்வாய் இரவு.
இறந்தார் என்று மணியடித்தது வெள்ளி காலை.
இடைப்பட்ட நாட்களில்
மிக நன்றாக ஆண்டார்.

நான் அவருடைய எழுத்தன், கில்பிரைட்.
மேல்மாடத்து ஜன்னல்களைத் திறந்துபோட்டு
தை மாதக் காற்றை முழுக்க உள்ளே விட்டிருந்தாள்
அவர் மனைவி ஃபோர்வலெத்,
உடல் கெடாதிருக்க.
என் விரல் மரத்தது, மை உறைந்தது.
மைக்கூட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுது என்றாள்.

மெழுகாய் உருகுவாள் என்றிருந்தோம்.
மெழுகை உருக்கினாள்.

மாவாலை பெத்தாக்குக்கே. குத்தகை இல்லை.
மடத்துக்கு ஆண்டுதோறும் இருநூறு சால்மன் மீன்
இனிமேல் எண்பது.
ஆடு திருடியவனுக்குக் கயிறு வேண்டாம்
(அந்த ஆட்டைத் தின்றது நாங்கள்தான், திருநாளன்று).
ஒவ்வொரு தோலையும் அவர் முகத்தருகே பிடித்து
'சரிதானே' என்று கேட்டாள்.
பதினாறு வருடத்தில்
இப்படி அவர் இசைந்ததே இல்லை.

வியாழன் இரவு, கடைசித் தோல்.
ஏரியும் ஏரிக்கரைக் கோட்டையும்
என் மனைவிக்கு,
அவள் மறுமணம் செய்தாலும் செய்யாவிட்டாலும்.
தெற்கே அரசவையில் மூன்று பேராவது
நிலத்தோடு வரும் விதவைக்காக
சேணத்தைத் துடைத்து வைத்திருப்பார்கள்.
'நல்ல உடல்நிலையில், முழு மனதோடு' என்று
நான் எழுதும்போது
போர்வைக்கு வெளியே நீண்டிருந்த பாதத்தைப் பார்த்தேன்.
நீலம்.

சாட்சிகள் யார் என்றேன்.
இதே காய்ச்சலில் போன இருவர் பெயரைச் சொன்னாள்.
மறுத்துப் பேசமாட்டார்கள்.

பித்தளையில் இடப்புறம் பாயும் குதிரைவீரன்
மெழுகில் வலப்புறம் பாய்வான்.
வாள் கை மாறும்.
எத்தனையோ முறை அழுத்தியிருக்கிறேன்
அன்றுதான் கவனித்தேன்.

வெள்ளியன்று முற்றத்தில், எல்லாரும் பார்க்க,
கொல்லன் முத்திரையை இரண்டாக வெட்டினான்.
முன்கால் ஒரு துண்டில், வால் மறு துண்டில்.
அப்போதுதான் அழுதாள்,
சத்தமாக, மூக்கு ஒழுக.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
நடிப்பென்று சமையற்கட்டில் சொன்னார்கள்.
அவர்கள் மேல்மாடத்துக்கு வந்ததில்லை.

வழக்கு நான்கு ஆண்டு நடந்தது.
நீதிபதி மெழுகை வெளிச்சத்தில் பிடித்தார்
வீரனைப் பார்த்தார், கேடயத்தின் கோடுகளை எண்ணினார்
செல்லும் என்றார்.

திருப்பிப் பார்க்கவில்லை.
பின்புறத்தில், மெழுகு ஆறுமுன்
தாங்கிப் பிடித்த ஒரு பெருவிரலின் ரேகை,
சிறியது,
குறுக்கே ஊசி கிழித்த பழைய தழும்போடு.