தொட்டி எண் பதினேழு

நகராட்சி மூன்று பிரதி கேட்டது.
கையெழுத்துப் போட்டுத் தத்தெடுத்தேன்:
சர்ச் வீதி, மூடிக்கிடக்கும் செருப்புக்கடை வாசல்,
சிமெண்ட் தொட்டி, எண் பதினேழு.
பிள்ளை கொண்டுவந்த சீதனம்
சிகரெட் துண்டு நாற்பது,
கோழி எலும்பு, எந்தப் பூட்டுக்கோ ஒரு சாவி.

பெட்டூனியா நட்டேன்.
தகட்டில் பூரணி மூட்லி என்று பெயர் அடித்தார்கள்.
சனிக்கிழமை மட்டும் வந்துபோகும் தாய்.

குழாய்கள் வறண்ட வாரம்
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கே புழுதியைக் குடித்தது.
செத்திருக்கும் என்றுதான் போனேன்.
ஈரம்.
பூக்களுக்கு நடுவே
கொத்தாக முளைக்கீரை.

ஏர்டைம் விற்கும் நொம்புசோ
பெட்டியைவிட்டு எழாமலே சொன்னாள்:
"அரிசி களைஞ்ச தண்ணி, கை கழுவின தண்ணி.
இம்ஃபீனோ என்னுது.
உன் பூவும் பாதி என்னுதுதான்."

சங்கச் செயலாளர் ஹட்சனிடமிருந்து கடிதம்:
விதி நான்கு. பூச்செடிகள் மட்டும்.

நான் பதில் எழுதவில்லை.
நாலு தண்டைக் கிள்ளாமல் விடச் சொன்னேன்.
விட்டாள், முணுமுணுத்துக்கொண்டே.
போன வாரம் அவை
கருஞ்சிவப்பாய்க் கதிர்விட்டுப் பூத்தன.
ஹட்சன் வந்தார், குனிந்தார்,
எதையோ குறித்துக்கொண்டு போனார்.

மீதிக் கீரையை
கட்டு பத்து ராண்டுக்கு
எனக்கே விற்கிறாள் நொம்புசோ.